சாய்தளத்தில் ஈரத் தடம்

அன்று காலையும் சாய்தளம் நனைந்திருந்தது. ஆற்றிலிருந்து மேலே ஓர் இழுவைத் தடம். இரு பக்கமும் உள்ளங்கைப் பதிவுகள். நடுவே கொஞ்சம் பாசி. ஏறி வந்த தடம் மட்டும்தான். இறங்கிய தடம் கிடையாது.

ஓய்வுபெற்ற வாத்தியார் எலியேசர் யாரும் பார்ப்பதற்குள் அதைத் துடைத்தார். முக்கூடலுக்கு மேற்கே இந்தப் படித்துறையில் சாய்தளம் போடவைக்க அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. கால் விழுந்துபோன மனைவி சாரம்மாள் தாமிரபரணியில் முங்கி வருஷக்கணக்காயிற்று.

"முதலையா இருக்குமோ?" என்றார் அவளிடம்.

"இருக்கட்டுமே. அதுவாவது உபயோகிக்குதே. என்னைய எப்பம் கூட்டிட்டுப் போவீய?"

"வார்டு மெம்பர் வந்து ரிப்பன் வெட்டட்டும்."

தடம் தெரியாமலிருக்க மணலைத் தூவினார். மறுநாள் விரல் ரேகைவரை பதிந்திருந்தது. சங்கிலி போட்டுப் பூட்டினார். பூட்டு பூட்டியபடியே இருக்க, சங்கிலி அழகாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. யாரானாலும் ஒழுக்கமான ஆள் என்று எலியேசருக்கு ஒரு மரியாதை வந்தது.

கடைசியில் 'மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்' என்று பலகை எழுதி, ஆற்றைப் பார்க்க நட்டார். அடுத்த காலை சாய்தளம் முழுக்கத் தடம். திருவிழாக் கூட்டம் ஏறிப் போனதுபோல் இருந்தது.

துடைக்க நேரமில்லை. வார்டு மெம்பர் ஆவுடைநாயகம் வந்து நின்றார்.

"சார், பொம்பளையாளுக ஆத்துக்கு வரப் பயப்படுதாவ. நாளைக்கு ஜேசிபி வருது. இடிச்சிருவோம்."

"எம்பொஞ்சாதி இன்னும் காலைக்கூட நனைக்கலியே, மெம்பர்."

"அதுக்கு நான் என்ன செய்ய? தடத்தை நீங்களே பாருங்க."

எலியேசர் பார்க்கவில்லை. நேரே வீட்டுக்குப் போய்ச் சாரம்மாளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். மெம்பர் அதற்குள் போய்விட்டிருந்தார். கரையில் ஒரு காக்கைகூட இல்லை.

"பைய, பைய" என்றாள் சாரம்மாள். தண்ணீர் மடிக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். "என்ன இப்படிக் குளிருது" என்று சிரித்தாள்.

பக்கத்தில், கழுத்தளவுத் தண்ணீரில், ஒரு கிழவர் கைப்பிடிக் கம்பியைப் பற்றியிருந்தார். வாழைத்தண்டாய் வெளுத்த விரல்கள். சூம்பிய கால்கள் நீருக்குள் ஆடின. நமக்கும் ஒரு கட்சி ஆள் கிடைத்தது என்று எலியேசர் மகிழ்ந்துபோனார்.

"அண்ணாச்சி, நாளைக்கு இதை இடிக்கப் போறாவ. நீங்களும் மெம்பர்ட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இது இல்லேன்னா ஆத்துல எப்படி இறங்க?"

கிழவர் காதுக்குள்ளிருந்து ஒரு சின்ன மீனை எடுத்துத் தண்ணீரில் விட்டார்.

"இறங்குததுக்கு இது எதுக்கு வே? அந்தப் படியில உருண்டு நாங்க எல்லாரும் எப்பமோ இறங்கியாச்சி. ஏற வழியில்லாமத்தான் இத்தனை வருசமா உள்ளேயே கிடந்தோம்."