நான்கு டெராபைட்டுக்கு முதல் பூச்சு

இரண்டு பூச்சுக்குக் குறைவாக எந்தச் சுவரையும் விட்டுவந்தறியாத கையோன், உப்புத்தாளால் தண்டர் பே நகரில் பாதியைத் தேய்த்த தோளோன், அண்ணாந்து அண்ணாந்தே ஆயிரம் உட்கூரைகளை வென்ற கழுத்தோன், பெயின்டர் குலத்தின் கொடிமரம், ரெய்னோ லாத்தினென் வாழ்க! அவன் ஏணி வாழ்க! அவன் போரைப் பாடப் புகும் நாவுக்கு, மின்சாரமே, நீ துணை நில். ஏரிக்காற்று இன்று கம்பிகளை அறுக்காதிருக்கட்டும், மாலை நாலு மணி வரையாவது.

போரின் காரணம் இது. ரெய்னோவின் ஒரே மகள் கெய்சா, பதினேழு வயதினள், ஐஸ் ஹாக்கிப் பனித்தளத்தில் வலை காக்கும் வேங்கை. வில்லை நீங்கிய கணைபோல் வரும் ரப்பர் வட்டை நாலு குளிர்காலமாக முழங்காலாலும் முகமூடியாலும் தடுத்து வருபவள். அவள் தடுத்ததையெல்லாம் தாய் டோரீன் பார்வையாளர் வரிசையில் விறைத்த விரல்களால் படம்பிடித்து, மேசைக் கணினியில் வெளியிலிருந்து செருகும் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தாள். நாற்பத்தொரு ஆட்டங்கள். வேறெங்கும் பிரதி இல்லை. அந்தப் பழைய டிஸ்க் வியாழக்கிழமை முதல் நகம் வெட்டுவதுபோல் டிக் டிக் என்று ஓசையிடத் தொடங்கியது. சாகப்போகும் டிஸ்க் அப்படித்தான் மூச்சு விடும். அதே வாரம் சட்பரிக் கல்லூரி அணியின் பயிற்சியாளரிடமிருந்து ஓலை வந்தது: சிறந்த தடுப்புகளை மூன்று நிமிடப் படமாக வெட்டித் தொகுத்து சனிக்கிழமை மாலை நாலு மணிக்குள் அனுப்புக, பிந்தி வருவது பார்க்கப்படாது. கணினியின் சொந்த வயிறோ கழுத்துவரை நிரம்பியிருந்தது. ஆகவே ரெய்னோ புதிய ஹார்டு டிஸ்க் வாங்கினான். நான்கு டெராபைட்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மூன்று கோப்பை காபியும் ஏலக்காய் ரொட்டியும் உள்ளே சென்றபின், மாவீரன் கணினியின் பக்கத் தகட்டைக் கோட்டைக் கதவெனப் பெயர்த்து, புதிய டிஸ்க்கை உள்ளிருத்தி, நாலு திருகாணிகளால் நாலு திசையும் காவலிட்டு, கம்பி செருகி, பொத்தானை அழுத்தினான். திரை ஒளிர்ந்தது. புதிய டிஸ்க் அதில் இல்லை. படைநடத்தி வந்த மன்னன் களத்தில் எதிரியைக் காணாது நின்றதுபோல் நின்றான் ரெய்னோ.

"செத்தத வித்துட்டானுங்க!" என்ற முழக்கத்தில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"சாகலப்பா. புதுசுன்னா அப்படித்தான். அதுக்கு நாமதான் எல்லை போட்டு, பேரு வைக்கணும். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் கண்டுக்காது" என்றாள் கெய்சா. "டிஸ்க் லிஸ்ட்ட தொற. கறுப்புப் பட்டையா இருக்கே, அதுதான் புதுசு. நீலத்த மட்டும் தொட்டுடாத. தொட்டே, என் நாலு வருஷமும் காலி."

திரையில் மூன்று பட்டைகள். இரண்டு நீலம், ஒன்று கறுப்பு. உட்கூரையும் சுவரும் சேரும் விளிம்பில், ஒரு மயிரிழையும் பிசகாமல் தூரிகையை ஓட்டும் அந்தக் கை, வேர்வை அரும்ப, மூச்சடக்கி, சுட்டியை நகர்த்தியது; பாம்புப் புற்றின் மேல் நடப்பவன் பாதம்போல் நகர்ந்தது; கறுப்பில் சென்று நின்றது. அழுத்தினான். எல்லை விழுந்தது. கெய்சா உடனே பழைய டிஸ்க்கைப் பிடுங்கி, இருக்கும் உயிர் மிஞ்சட்டும் என்று ஒரு துண்டில் சுற்றிச் சோபாமேல் கிடத்தினாள்.

இனி ஃபார்மேட் ஒன்றே பாக்கி. ஆங்கே தோன்றியது ஒரு சிறு பெட்டி. அதன் அடியில் ஒரு சிறு கட்டம். கட்டத்துள் ஒரு டிக். டிக்கின் அருகே 'குயிக் ஃபார்மேட்' என்னும் இரண்டு சொற்கள். எத்தனையோ பேரரசுகள் இதனினும் சிறிய காரணத்தால் அழிந்தன.

குயிக் என்ற சொல்லைக் கண்டதும் ரெய்னோவின் புருவங்கள் போர்க்கொடிபோல் எழுந்தன. இருபத்தெட்டு ஆண்டுகளில் அவன் பிரைமர் என்னும் வெள்ளை அடிப்பூச்சு அடிக்காமல் பெயின்ட் அடித்ததில்லை. முதல் பூச்சு காயாமல் இரண்டாவதற்குப் போனதில்லை. குயிக் என்று விளம்பரம் செய்த பெயின்டர்களின் சுவர்களைச் சுரண்டியே அவன் தன் படகை வாங்கினான்.

"குயிக்காம்! குயிக்கா அடிச்சது ரெண்டே குளிர்ல உரியும். என் வீட்ல எதுவும் குயிக்கா நடக்காது!"

"அது ஊருக்கே தெரியும்ப்பா. டிக்க எடுக்காத."

எடுத்தான். அந்த டிக் இருந்தால், கணினி டிஸ்க்கின் முகப்பில் ஒரு வெற்றுப் பொருளடக்கத்தை எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளும். இல்லையென்றால் நான்கு டெராபைட் வெளியின் ஒவ்வொரு துகளையும் தொட்டுப் பார்த்து, எதுவும் பழுதில்லை என்று உறுதிசெய்த பிறகே ஓயும். இரண்டாவது நல்ல முறைதான். கையில் நாள் இருந்தால். காலை ஒன்பது நாற்பதுக்கு ரெய்னோ தொடங்கு என்றான்.

பச்சைக் கோடு எழுந்தது. முதற்படை புறப்பட்டது. கடலை உறிஞ்சிக் குடிக்கப் புறப்பட்ட எறும்புபோல், மலையை நக்கிக் கரைக்கப் புகுந்த கன்றுபோல், அது நகர்ந்தது, அல்லது நகரவில்லை. உற்றுப் பார்த்தவர்க்கு நகரவில்லை, கண்ணயர்ந்தவர்க்குச் சற்றே நகர்ந்தது. பத்தரை மணிக்குப் பதினொரு சதவீதம். ரெய்னோ நாற்காலியில் நிமிர்ந்து, கைகட்டி, காயும் சுவரைப் பார்ப்பவனின் பேரமைதியோடு அமர்ந்திருந்தான். அவன் அந்தக் கலையில் இணையற்றவன்.

கெய்சா ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டாள். இரண்டாம் முறையும் போட்டாள். "அப்பா, இது முடிய சாயங்காலம் அஞ்சு மணி ஆகும். நாலு மணிக்கு அனுப்பணும். நிறுத்து."

"பாதிச் சுவர்ல நிறுத்தினா கோடு விழும். அந்தக் கோடு சாகுறவரைக்கும் போகாது."

"இது சுவரு இல்ல!"

சொற்போர் மூண்டது. கெய்சா கெஞ்சினாள், சீறினாள், கதவை அறைந்தாள். திறந்து வந்து மறுபடி அறைந்தாள். வீரன் அசையவில்லை. பன்னிரண்டு மணி தாண்டியது. முப்பத்திநாலு சதவீதம். சோபாவில் பழைய டிஸ்க் துண்டுக்குள் கிடந்தது.

அப்போது டோரீன் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ரெய்னோ, அடுக்களைச் சுவருக்குப் பிரைமர் அடிச்சு ஆறு வருஷமாச்சு. நல்லா காயட்டும்னே. இன்னுமா காயுது? அந்த வெள்ளைய பாத்துப் பாத்து நான் சமைச்சிட்டேன், போகட்டும். இவ அடுத்த வருஷம் எங்க ஆடப் போறான்னு இன்னைக்கு நாலு மணிக்கு முடிவாகப் போவுது. நீ உக்காந்து காயவைக்கிற."

கணை நெஞ்சில் தைத்தது. ரெய்னோ அடுக்களைப் பக்கம் திரும்பினான். சுவர் வெள்ளையாகவே இருந்தது. நெடுநேரம் அதைப் பார்த்தான். பின், தன் யானையைத் தானே விட்டிறங்கும் வேந்தனைப்போல், சுட்டியை எடுத்து நிறுத்து என்பதை அழுத்தினான், டிக்கைத் தன் கையாலேயே மறுபடி இட்டான், தொடங்கு என்றான், கண்ணை மூடிக்கொண்டான்.

பதினோரு நொடிகள். டிஸ்க் தயார்.

கெய்சா பழைய டிஸ்க்கைச் செருகினாள். டிக் டிக் என்றது, எனினும் திறந்தது. குண்டடிபட்ட குதிரை தன் வீரனைச் சுமந்து ஆற்றைக் கடப்பதுபோல் ஒவ்வோர் ஆட்டமாக அது கொண்டுவந்து இறக்கியது: ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. பத்தாவது பாதியில் இருக்கையில், இரண்டு மணி ஐம்பதுக்கு, ஓசை நின்றது. ரெய்னோ கம்பியைப் பிடுங்கிச் செருகினான், டிஸ்க்கைத் தட்டினான், பெயர் சொல்லி வைதான், அது எழவில்லை.

வீழ்ந்தன முப்பத்திரண்டு ஆட்டங்கள்! கெனோராவில் நாற்பத்தாறு வட்டுகளைத் தடுத்த அந்தப் பெருநாள் வீழ்ந்தது. மூன்றாம் கூடுதல் நேரத்தில் படுத்தபடியே மறித்த அந்தத் தடுப்பு வீழ்ந்தது. பனியும் விளக்கும் டோரீனின் கூச்சலும் வீழ்ந்தன! கையில் மிஞ்சிய ஒன்பதை வைத்துக் கெய்சா வெட்டினாள், ஒட்டினாள், மூன்று நிமிடத்தை நிறைக்க ஒரே தடுப்பை ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் காட்டினாள், மூன்று ஐம்பத்தேழுக்கு அனுப்பினாள். காலையில் போன இரண்டரை மணி நேரத்தைப் பற்றி அந்த வீட்டில் அன்றும் பிறகும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரெய்னோவின் பெருந்தோள்கள் மட்டும், தோற்ற நாட்டின் கோபுரங்கள்போல், இரவு உணவுவரை சாய்ந்தே இருந்தன.

செப்டம்பரில் சட்பரி அவளை எடுத்துக்கொண்டது, மூன்றாவது கோல் கீப்பராக.