தங்க ஆணி அண்ணன்

அமீரகத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ரயில் பாதை போட ஆயிரக்கணக்கான பேர் உழைத்தோம். ஆனால் அந்தப் பாதையே தனக்காகத்தான் போடப்படுகிறது என்று நம்பிய ஒரே மனிதர், எங்கள் கேம்ப்பின் 'தங்க ஆணி' அண்ணன்தான்.

அரியலூர்க்காரர். எல்லாம் ஒரு வீடியோ செய்த வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்களைச் சேர்த்தபோது, கடைசியாகத் தங்கத்தில் ஓர் ஆணி வைத்தார்களாம். இங்கேயும் கடைசி ஆணி தன்னுடையதுதான் என்று மனுஷன் அன்றே தீர்மானித்துவிட்டார். அதற்காக ஊருக்குப் போகும் லீவை இரண்டு முறை தள்ளிப் போட்டார்.

"அண்ணே, தண்டவாளத்துக்கு அடியில இருக்கறது கான்கிரீட் கட்டை. ஆணியே கிடையாது, தண்டவாளத்தைப் பிடிக்கிறது கிளிப்புதான்" என்றேன். நான் ஸ்டோர்கீப்பர், எனக்குத் தெரியாதா?

"அப்ப கடைசி கிளிப்பு என்னுது. தங்கத்துக்கு நான் பாத்துக்கிறேன்."

"அமெரிக்காக்காரன் அந்தத் தங்கத்தைக் கையோட புடுங்கிட்டுப் போயிட்டானாம்ணே."

"அவன் கஞ்சன் தம்பி."

வேலை முடிய இரண்டு நாள் இருந்தது. வார லீவில் பஸ் பிடித்து துபாயில் தேரா கடைத்தெருவுக்குத் தங்கம் வாங்கப் போனார். நகைக்கடைக்காரர் கீழக்கரை பாய். தங்கத்தில் ஆணி வேண்டும் என்று இவர் கேட்க, அவர் கம்மலுக்குப் போடும் திருகாணியை எடுத்து நீட்டினாராம். இவரும் வாங்கிவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து மேலிடத்து உத்தரவு: வேலை இன்றே முடிய வேண்டும். ஃபோர்மேன் "யல்லா, ஜல்தி" என்று எல்லோரையும் லாரியில் ஏற்றினார். தண்டவாளம் சேர்ந்தது, கிளிப்புகள் மளமளவென்று ஏறின. அண்ணனுக்கு போன் போட்டேன்.

"நான் வர்ற வரைக்கும் முடிச்சிராதீங்கய்யா" என்றார். அதுவரை கேலி செய்துகொண்டிருந்த எனக்குச் சங்கடமாகிவிட்டது.

சாயங்காலம் டாக்சியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். வேலை முடிந்தது என்று ஃபோர்மேன் "கலாஸ், கலாஸ்" சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கட்டையிலிருந்து எழுந்தேன். எனக்குக் கீழே ஒரே ஒரு கிளிப்பு இறுக்காமல் இருந்தது. முதுகுவலி என்று ஃபோர்மேனிடம் புளுகி, ஒரு மணி நேரமாக அதை மறைத்து உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் எழுந்து வந்தார். சுத்தியலை வாங்கி ஒரே அடி. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கம்ணே?"

"அது உங்க அண்ணிக்கு. கம்மல்ல ஒரு திருகாணி தொலைஞ்சு கெடக்கு."

வெயிலில் சுட்ட கட்டையில் உட்கார்ந்ததில் இரண்டு நாள் எனக்கு உட்காரவே முடியவில்லை. அந்த மனுஷனுக்காக இன்னும் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்திருப்பேன்.