நீல வயரின் இரண்டு முனைகள்

பாதி படித்தவர்களை நம்பி எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. முழுதாகப் படித்தவர்களுக்குத் தமக்கு என்ன தெரியாது என்பது தெரியும். ஒன்றுமே படிக்காதவர்கள் எதையும் தொட மாட்டார்கள். நடுவில் நிற்கிற ஆள்தான் ஆபத்து. இதை நான் தைரியமாகச் சொல்லக் காரணம், அந்த நடு ஆளாக நானே ஒரு கல்யாண மண்டபத்தில் பட்டுப்புடவையோடு பன்னிரண்டு நிமிடம் நின்றிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு (கணக்கும் வரவில்லை, வேலையும் வரவில்லை) வீட்டில் இருந்தேன். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங்கில் ஆரம்பநிலைச் சான்றிதழ் ஒன்று வாங்கினால் வேலை நிச்சயம் என்று தோழி ஒருத்தி சொன்னாள். அதை நம்பி ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சென்டருக்குப் போய் வந்தேன். அம்மாவைப் பொறுத்தவரை நான் பால்கோவா வாங்கப் போகிறேன், போன இடத்தில் ஏதோ படித்துவிட்டும் வருகிறேன்.

படிப்பு தலைக்கேறிவிட்டது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போவதை ஏழு அடுக்குகளாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த ஏழையும் பஸ்ஸில் வாய்விட்டு ஒப்பித்துக்கொண்டே வருவேன். மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரர்கள் தள்ளி உட்கார்ந்ததுண்டு. வீட்டில் யாருக்காவது போன் சரியாகக் கேட்கவில்லை என்றால் போதும், "எந்த அடுக்குல பிரச்சினைன்னு பாக்கணும்" என்று ஆரம்பித்துவிடுவேன். "அஞ்சடுக்கு டிபன் கேரியரே அடியில ஒழுகுது, உனக்கு ஏழா?" என்பார் பெரியம்மா.

அந்தப் பெரியம்மாவின் மகள் கவிதா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்காவுக்கு நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலை. பெரியப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அப்பா ஸ்தானத்தில் நிற்க வேண்டியவர் அக்காவின் அண்ணன் முருகேசன். அவர் ராணுவத்தில், எங்கோ எல்லைப் பக்கம் இருந்தார். கேட்டு வைத்திருந்த லீவு கடைசி நேரத்தில் ரத்தாகிவிட்டது.

பெரியம்மா அழுது தீர்த்தார். அக்கா அழவில்லை. "அண்ணன் பாத்துக்கிட்டு இருக்கணும். அவன் பாக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படிப்பட்ட ஆள். அண்ணனும் மேலதிகாரியிடம் கெஞ்சி, கல்யாணத்தன்று காலை ஒரு மணி நேரம் வீடியோ காலில் உட்கார அனுமதி வாங்கிவிட்டார்.

மண்டபம் ஸ்ரீவில்லிபுத்தூரில். அதற்குள் எந்த செல்போனுக்கும் சிக்னல் எட்டாது. பேச வேண்டுமென்றால் ரோட்டுக்கு வர வேண்டும். ஆனால் மேடைக்குப் பின்னாலிருந்த ஆபீஸ் ரூமில் இன்டர்நெட் இணைப்பு உண்டு. அங்கிருந்து மேடைக்கு வயர் இழுத்து, லேப்டாப்பில் அண்ணனை வரவழைத்து, பெரிய திரையில் காட்டிவிடலாம். "ஆள் யாரையாவது கூப்பிடவா?" என்று அப்பா கேட்டார்.

"எதுக்கு ஆளு? பொறவு நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். (இந்தக் கேள்விக்கு வீட்டில் இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.)

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் ராஜபாளையத்தில் மைக்செட் போடுகிறவர். நான் வயர் சுருள்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை. அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: விசேஷ வீட்டில் ஒரு வயர் முனைகூடச் சும்மா தொங்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் தொட்டுவிடும். ஒன்று எங்கேயாவது சொருக வேண்டும், இல்லையென்றால் டேப் சுற்ற வேண்டும். தொங்குகிற முனையைப் பார்த்தாலே எங்கள் குடும்பத்துக்குக் கை அரிக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சென்டரில் சார் சொன்னார்: "நாளைக்கு யாரும் லீவு போடாதீங்க. ஸ்விட்ச்ல செய்யவே கூடாத தப்பு எதுன்னு நடத்தப் போறேன்." ஸ்விட்ச் என்றால் சுவரில் விளக்கு போடுகிற ஸ்விட்ச் இல்லை. பல வயர்களைச் சொருகி, எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடொன்று சேர்த்துவைக்கிற சின்னப் பெட்டி. மறுநாள் நான் முகூர்த்தப் புடவை எடுக்கப் போய்விட்டேன். இரண்டாயிரம் புடவையைப் புரட்டிப் பார்த்தோம், பாடத்தை ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

கல்யாண நாளன்று காலை எல்லாம் அமோகமாக ஆரம்பித்தது. அண்ணன் யூனிபார்மில் திரையில் வந்தார். அவருக்குப் பின்னால் கூட வேலை பார்க்கிற பத்துப் பேர். மண்டபமே கை தட்டியது. பெரியம்மா நேராகப் போய்த் திரையில் அண்ணனின் நெற்றியில் திருநீறு பூசினார். அண்ணன் தலையைத் திருப்பியதும் திருநீறு கன்னத்துக்கு வந்துவிட்டது.

முகூர்த்தம் நெருங்கியது. கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று ஆபீஸ் ரூமுக்குப் போனேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நீல வயர் ஒன்று. அதன் ஒரு முனை அங்கிருந்த ஸ்விட்ச்சில் இருந்தது, மறுமுனை மேஜைக்குப் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கை அரித்தது. ஸ்விட்ச்சில் சில துளைகள் காலியாகவும் இருந்தன. தொங்கிய முனையை எடுத்து ஒன்றில் சொருகினேன். டக்கென்று உட்கார்ந்தது. பெட்டியில் இருந்த விளக்கெல்லாம் சீரியல் செட் மாதிரி படபடவென்று மின்ன ஆரம்பித்தன. ஆகா, இப்போதுதான் பெட்டி முழு மூச்சாக வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன்.

துள்ளிக்கொண்டு மேடைக்கு வந்து, லேப்டாப் கேமராவுக்குள் முகத்தை நுழைத்து, "எல்லாம் என் கன்ட்ரோல்ல இருக்கு அண்ணே!" என்றேன்.

திரையில் அண்ணன் வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி, அப்படியே நின்றுவிட்டார்.

"ஏட்டி! எம்புள்ளைக்கு என்னாச்சு? கண்ணு சொருகுது!" என்று பெரியம்மா அலறினார்.

"அண்ணனுக்கு ஒண்ணுமில்ல பெரியம்மா, நெட்டுதான் நின்னுபோச்சு" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பழுது பார்க்கும்போது முதல் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பது பாடம். முதல் அடுக்கு என்றால் வயர். நான் யோசித்தேன்: வயரை மாட்டியது நான், மைக்செட்காரர் மகள் மாட்டிய வயரில் குற்றம் இருக்குமா? அதனால் முதல் அடுக்கைத் தாண்டி நேராக மூன்றாவதுக்கு, அதாவது முகவரி பார்த்துத் தகவலை வழியனுப்புகிற அடுக்குக்குப் போனேன். கூடக் கொண்டுவந்திருந்த இன்னொரு லேப்டாப்பை ஸ்விட்ச்சில் சொருகி, தெரிந்த கட்டளையை எல்லாம் அடித்துப் பார்த்தேன். எங்கிருந்தும் பதில் இல்லை. இன்டர்நெட் பெட்டியை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன்.

அண்ணனுக்குப் பதிலாகத் தாரை வார்க்க மேடையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கையில் கார்ட்லெஸ் மைக் இருந்தது. (தூங்கும்போது மட்டும்தான் கீழே வைப்பார்.) "மகேசு, எம்புட்டு நேரம் ஆகும்?" என்றார். எட்டு ஸ்பீக்கரிலும் கேட்டது.

"செத்த நேரம்ப்பா!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"செத்த நேரமாம்" என்று அப்பா சபைக்கு அறிவித்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொறுத்துக்கிடணும். நம்ம பொண்ணு நெட்வொர்க்கிங் படிக்கி."

"பாஸாயிட்டாளா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அடுத்த வாரம் பரீட்சை" என்றார் அப்பா. அதையும் மைக்கில்தான் சொன்னார்.

நல்ல நேரம் முடியக் கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றார் ஐயர். தாலியைக் கட்டிவிட்டு அண்ணனுக்குப் பிறகு வீடியோ அனுப்பலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் யோசனை சொன்னார். அக்கா எழுந்துவிட்டாள். மாலையும் கழுத்துமாக ஆபீஸ் ரூமுக்குள் வந்து நின்றாள். நான் அப்போது அழுதுகொண்டிருந்தேன்.

"படிச்சதெல்லாம் செஞ்சு பாத்துட்டேன்க்கா. ஒண்ணும் வெளங்கல. என்னால அண்ணன் பாக்காமப் போயிருவாரு."

"படிச்சது கெடக்கட்டும். எந்த வயரு எங்க கெளம்பி எங்க போகுதுன்னு காட்டு."

மில்லில் நூலில் கோளாறு என்றால் அக்கா முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனைவரை விரலாலேயே போவாள். மருதாணி விரல் வயரில் நகர்ந்தது.

"இது?"

"இன்டர்நெட் பெட்டிக்குப் போகுது."

"இது?"

"மேடைக்கு."

"இந்த நீலம்?"

விரல் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து கிளம்பி, மேஜைக்குப் பின்னால் இறங்கி, வளைந்து, ஏறி, அதே பெட்டியில் வந்து நின்றது.

"ஏட்டி, இது இதுலயே கெளம்பி இதுலயே முடியுது. இதுக்கு இங்க என்ன சோலி?"

"தொங்கிக்கிட்டு இருந்துச்சுக்கா. அதான்..."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு முனையையும் வெடுக்கென்று பிடுங்கினாள். விளக்குகளின் ஆட்டம் அடங்கியது. (அனுப்பிய செய்தியே சுற்றிச் சுற்றித் திரும்பி வர, பெட்டி ஒவ்வொரு தடவையும் அதைப் புதுசு என்று நினைத்து எல்லாருக்கும் மறுபடி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. கல்யாண வீட்டு வதந்தி போலத்தான்.)

மண்டபத்திலிருந்து அண்ணனின் குரல் கேட்டது: "ஏலே, வந்துருச்சு!"

அக்கா மேடைக்கு ஓடினாள். கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறும்போது அக்கா மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள். அங்கே அண்ணன் எழுந்து நின்றிருந்தார். கூட இருந்த பத்துப் பேரும் எழுந்து நின்றார்கள். அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னால் மறைந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அம்புட்டு நிம்மதி.

ஆல்பத்தின் முதல் படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், பெண்ணின் கழுத்தில் மாலை சரி, கையில் நீல வயர் ஒன்று தொங்குகிறதே, அது என்ன சடங்கு?

அடுத்த வாரப் பரீட்சையில் ஒரு படம் போட்டு, இந்த நெட்வொர்க் ஏன் முடங்கியது என்று கேட்டிருந்தார்கள். ஒரு வயர் கிளம்பிய பெட்டிக்கே திரும்பி வந்திருந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், கண்காணிப்பாளர் முறைத்தார். பாஸாகிவிட்டேன். இப்போது ஒரு மில்லில் நெட்வொர்க் பார்க்கிறேன். பழுது என்றால் முதலில் விரலால்தான் வயரைத் தொடர்ந்து போவேன்.

அண்ணன் பக்கத்தில் அன்று திரையில் உறைந்து நின்றது என் முகம். 'எல்லாம் என் கன்ட்ரோல்ல' என்று வாயைப் பிளந்தபடி இருந்த அதைப் பதினொரு ராணுவ வீரர்கள் பன்னிரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதைப் படமாகப் பிடித்து அண்ணன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு முகப்பாக வைத்தார். இன்றுவரை மாற்றவில்லை.

போன வாரமும் எல்லையிலிருந்து கூப்பிட்டார். எல்லாரையும் போல நல்லாருக்கியா என்று அவர் என்னிடம் ஆரம்பிப்பதில்லை.

"ஏட்டி மகேசு, வயரோட ரெண்டு முனையும் எங்க இருக்கு?"

"ஒண்ணு இங்க இருக்கு, ஒண்ணு அங்க இருக்குண்ணே."

"அப்பச் சரி. இனி பேசு."