தெரணியகலை பஸ்ஸில் படம் முடியும் இடம்

அன்புள்ள மருமகள் கோகிலாவுக்கு, தையற்கடைக் கன்னையா மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் தையல் மெஷினும் சுகம். அங்கே நீயும் உன் ஆராய்ச்சியும் அவ்வாறே இருக்க முருகன் துணை.

நீ அனுப்பிய இரண்டு கொள்கைகளையும் மூன்று முறை படித்தேன். படத்துக்குத் தொடக்கம், சிக்கல், முடிவு என்று மூன்று பாகம், கதை திரையிலேயே இருக்கிறது என்பது முதலாவது. கதை திரையில் இல்லை, பார்க்கிறவன் கிடைத்த துண்டுகளை வைத்துத் தன் மண்டைக்குள் கட்டிக்கொள்கிறான் என்பது இரண்டாவது. எது சரி என்று நம் பஸ்ஸில் படம் பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் இருபது பேரைக் கேட்டு எழுதச் சொன்னாய். இந்த முறையும் கட்டுரை திரும்பி வந்தால் பட்டம் கிடையாது என்றாய். கேட்டேன். பட்ட பாட்டைக் கேள்.

தெரணியகலையில் பஸ் புறப்படும்போது பஸ் டி.வி.யில் படம் ஆரம்பிக்கும், மலையில் கடைசி ஸ்டாப்பில் முடியும், நடுவில் கண்டக்டர் சிங்களத்தில் "பஹின்ன", இறங்கு, என்றால் கதாநாயகன் கயிற்றில் தொங்கினாலும் இறங்க வேண்டியதுதான். இந்த வாரப் படத்தில் ஓர் அண்ணன் காணாமல் போகிறான். சீக்கிரமே இறங்கும் சசிக்கு அது கல்யாணப் படம், பாதி வழியில் ஏறும் கடைக்கார நஜீப் நானாவுக்கு அது சண்டைப் படம், இரண்டு பேரும் என்னை நடுவில் வைத்து வாக்குவாதப்பட்டதில் சசி தன் ஸ்டாப்பைத் தவறவிட்டு இரண்டு மைல் நடந்து, என்னிடம் தைக்கக் கொடுத்த துணியை மறுநாள் திருப்பி வாங்கிக்கொண்டான். சிக்கல் எங்கே வருகிறது என்று வெள்ளையம்மா அக்காவைக் கேட்டேன். "சிக்கல் படத்துல இல்ல தம்பி, இந்த பஸ்ஸுலதான் இருக்கு" என்றார்.

ஆனால் முடிவைக் கேட்டபோது இருபது பேருக்கும் ஒரே பதில்: அண்ணன் வீடு திரும்பினான். இவர்களில் ஒருவரும் முடிவைப் பார்த்ததில்லை. கடைசி ஸ்டாப்பில் இறங்குகிறவன் நான் ஒருத்தன்தானே, மறுநாள் காலையில எல்லாரும் என்னையத்தான் கேப்பாங்க, நான் சொல்லுவேன், பத்தொன்பது வருஷமா இப்படித்தான் நடக்குது. ஆகவே கதை திரையில்தான் இருக்கிறது, முதலாவது கொள்கையே சரி, இரண்டாவது வெறும் பேச்சு. தைரியமாக எழுது.

பட்டம் பெற்று, பல்லாண்டு நல்லபடி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா கன்னையா.

பி.கு.: இதை இப்படியே தபாலில் போட மனசு வரவில்லை. மூன்றாம் வளைவு தாண்டினால் நான் தூங்கிவிடுவேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு முடிவும் பார்த்ததில்லை, எல்லாம் நானாகச் சொன்னது. அந்த அண்ணன் கடைசியில் செத்துப்போகிறானாம், இன்றுதான் கண்டக்டர் சொன்னான். இரண்டாவதுதான் சரி என்று மாற்றி எழுது. எங்கள் பஸ் எது என்று மட்டும் எழுதாதே. வெள்ளையம்மா அக்கா மகன் கத்தாருக்குப் போனவன், எட்டு மாதமாக ஒரு போன் இல்லை. அண்ணன் வந்துட்டான்னு நான் சொன்ன அன்னைக்கே அவங்க மாரியம்மனுக்குத் தேங்காய் உடைச்சிட்டாங்க.