"ஒரே உலை" முடிந்த அன்று எனக்கு வந்த மாலைகள்

ஒத்தக்கடை,
செவ்வாய்க்கிழமை.

தம்பி அழகுபாண்டிக்கு அண்ணன் கண்ணுச்சாமி எழுதுவது. நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் உயிரோடு இருக்கிறேன். உசிலம்பட்டியில் நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும். இனி உனக்குப் போன் பண்ணமாட்டேன் என்று அதே சாமி முன்னால் சொல்லித் தொலைத்ததால் இந்தக் கடிதம்.

கிடாவெட்டில் தலைக்கறி உனக்கா எனக்கா என்று பேச்சு முறிந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கப்புறம் நமக்குள் மிச்சமிருந்தது டிவியில் வந்த "ஒரே உலை" ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை தொடர் முடிந்ததும் நீ ஒரு மிஸ்டு கால் கொடுப்பாய், நான் ஒன்று கொடுப்பேன். மிஸ்டு கால் போன் பண்ணினதில் சேராது. பார்த்தாச்சு, சிரிச்சாச்சு என்று அர்த்தம். ஒருநாளும் இரண்டு பேரும் எடுத்ததில்லை.

ஆறு வருடமாக அந்த அண்ணனும் தம்பியும் வாரா வாரம் சண்டை போட்டு, கடைசியில் ஒரே பானைச் சோற்றைத் தின்றார்கள் இல்லையா? கடைசி வாரத்தில் அந்த எழுதுகிற புண்ணியவானுக்கு என்ன கேடு வந்ததோ, வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பி, அண்ணன்காரனை மாரடைப்பில் சாகடித்து, தம்பிக்காரன் எட்டிக்கூடப் பார்க்காமல் முடித்துவிட்டான். பின்னால் சிரிப்புச் சத்தம் போடுகிறவனுக்கும் அன்றைக்கு லீவு போலிருக்கிறது. உன் மதினி சின்னத்தாய் மாரில் அடித்துக்கொண்டு, "வீட்டையே தாங்குனீகளே, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீகளே" என்று ஒப்பாரியே வைத்துவிட்டாள். நானோ நெஞ்சு அடைத்து, கண்ணை மூடி, வாயைப் பிளந்து சோபாவில் மல்லாந்து கிடந்தேன். பக்கத்து வீட்டு முத்துமீனா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நேரே நம் பங்காளி காளைக்குப் போன் போட்டு, நான் செத்துப்போனதாகக் கேதம் சொல்லிவிட்டாள்.

இரண்டு மணிக்கு வாசலில் வேன். ஆறு மாலை, சங்கு ஊத ஒரு ஆள், தலைவிரி கோலமாகப் பெண்கள். நான்தான் கேட்டைத் திறந்தேன். காளை என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னண்ணே, நீயே வந்து தொறக்குற?" என்றான். தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்ட பெண்கள் பாதியில் விட்டால் ஆகாது என்று முழுசும் பாடி முடித்துத்தான் இறங்கினார்கள். கேதத்துக்கு வாங்கின மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம், என் கேட்டிலேயே மாட்டிவிட்டார்கள். வந்த சனத்துக்குப் பசி. சின்னத்தாய் அடுப்புப் பக்கமே போகவில்லை. செத்தவன் நானே கடைக்குப் போய் அம்புட்டுப் பேருக்கும் புரோட்டா வாங்கி வந்தேன்.

வேனில் உன்னைத் தேடினேன். காளையிடம் கேட்டதற்கு, "சொன்னேண்ணே, கேட்டதும் அழகுபாண்டி போனை வச்சிருச்சு" என்றான். தம்பி, நான் செத்ததுக்கே நீ வரவில்லையே. டிவியில் அந்தத் தம்பி வராததற்கு அழுத நான் இதற்கு எங்கே போய் அழ? தொடரும் முடிந்தது, மிஸ்டு காலும் முடிந்தது. நாளைக்கு நிஜமாகவே செத்தாலும் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று சின்னத்தாயிடம் சொல்லிவிட்டேன்.

உன் சம்சாரம் முனியாயிக்கும் மகள் திவ்யாவுக்கும் என் ஆசீர்வாதம். உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
உன் அண்ணனாக இருந்த
கண்ணுச்சாமி.

பின்குறிப்பு: ஒட்டின உறையைக் கிழித்து எழுதுகிறேன். தபால் பெட்டிக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாப் டீக்கடை அசோக்குமார் என்னைப் பிடித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலிருந்து மாலையோடு இறங்கிய ஒருத்தர், "கண்ணுச்சாமி வீட்டுல எப்ப எடுக்குறாக?" என்று கேட்டாராம். "அந்தா, அவரே புரோட்டாப் பொட்டலத்தோட போறாரே" என்று இவன் கைகாட்ட, அவர் மாலையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாராம். வீட்டுக்குப் போகச் சொன்னதற்கு, "செத்திருந்தா உள்ள போயிருப்பேன். இருக்காரே, எப்பிடிப் போறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாராம்.

மேலே எழுதினது எதையும் படிக்காதே. அடுத்த கிடாவெட்டில் தலை உனக்குத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து "ஒரே உலை"யை முதலிலிருந்து மறுபடி போடுகிறார்கள். முடிந்ததும் வழக்கம்போல மிஸ்டு கால் கொடு. போன் பண்ணமாட்டேன் என்றுதான் சாமி முன்னால் சொன்னேன், எடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லை.