வழிமொழியார் வாய் மூடிய நாள்

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வந்து இறங்கிய நாளில் எங்கள் வழிமொழியார் மட்டும் கரையில் நின்றிருந்தால், அவர்கள் கோட்டை கட்ட இடம் கேட்டு முடிப்பதற்குள் "வழிமொழிகிறேன்" என்று சொல்லியிருப்பார். அப்படி ஒரு வாய் அவருக்கு.

எங்கள் ஊர் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் யார் எந்தத் தீர்மானம் கொண்டுவந்தாலும் வழிமொழிகிறவர் அவர்தான். அதற்கென்றே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் ஓர நாற்காலியைப் பிடித்துவிடுவார். தலைவர் முற்றுப்புள்ளி வைப்பதற்குள் எழுந்து, சொல்லி, உட்கார்ந்தும் விடுவார். கேள்வி கேட்க வாயைத் திறந்தவர்கள் அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். பழக்கம் முற்றிப்போய், பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டர் "உள்ள போய்யா" என்றாலும் வழிமொழிந்துவிட்டுத்தான் நகர்வார். "உன்னக் கட்டிக்கினு இன்னா சொகத்தக் கண்டேன்" என்று மனைவி புலம்பியதையும் வழிமொழிந்ததாகக் கேள்வி.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு எங்கள் சங்கத்தை இணைக்கும் பேச்சு வந்தது. இணைந்தால் பெரிய கிடங்கு, புது டிராக்டர் என்று எல்லோருக்கும் ஆசை. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு ஆயில் எஞ்சின். மழைக்காலத்தில் பழவேற்காட்டு ஏரி பொங்கி உப்புத்தண்ணீர் கழனிக்குள் ஏறிவிடும். உடனே இறைத்துத் தள்ளாவிட்டால் பயிர் கருகிவிடும். அதனால் யார் முந்திக் கேட்டிருந்தாலும் எஞ்சின் முதலில் ஏரியோரக் கழனிக்குத்தான் போகும். யாரும் சட்டமாகப் போடாத வழக்கம் அது.

இரண்டு ஊரும் கூடிய கூட்டத்தில் மாலைகள் தயாராக இருந்தன. எங்கள் தலைவர் இணைப்புத் தீர்மானத்தைப் படித்து முடித்தார். வழிமொழியார் எழவில்லை.

"யோவ், உன்னத்தான்" என்றார் தலைவர்.

வழிமொழியார் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

வேறு யாருக்கும் வழிமொழிந்து பழக்கமில்லை. ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். சங்கம் கண்ட முதல் அமைதி அது. அந்த இடைவெளியில் ஏரியோரத்தில் பயிர் வைத்திருந்த பாஞ்சாலை எழுந்தார்.

"சேந்தப்புறம் எஞ்சினு மொதல்ல யார் கழனிக்கு வரும்?"

பக்கத்து ஊர்த் தலைவர் பெருமையாகச் சொன்னார். "எங்க சங்கத்துல எல்லாம் ஒழுங்கும்மா. மொதல்ல பேர் குடுத்தவங்களுக்கு மொதல்ல."

அவ்வளவுதான். ஏரியோரத்துக்காரர்கள் மொத்தமாக எழுந்துவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் கொண்டுவந்த மாலைகளோடு திரும்பிப் போனார்கள்.

வீடு திரும்பும்போது கேட்டேன். "இன்னாண்ணா, உங்க கழனி மேட்டுலதான கீது? உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

"எனுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் கணீரென்று. தொண்டைக்கட்டு எங்கே போனதோ. "உப்புத்தண்ணி இன்னா, பேர் குடுத்துட்டு வரிசைல நின்னுகினா வருது?"

"அத அங்கயே எழுந்து சொல்லியிருக்கலாமே?"

"எதுத்துப் பேசிப் பழக்கமில்லியே, நைனா."

அந்த மழைக்கே ஏரி பொங்கியது. எஞ்சின் நேராகப் பாஞ்சாலை கழனிக்குப் போனது. பயிர் பிழைத்தது.

போன வருடம் வழிமொழியார் காலமானார். சங்கத்தில் இரங்கல் தீர்மானம் படித்தார்கள். ஓர நாற்காலி காலியாக இருந்தது. யாராவது வழிமொழிய வேண்டுமே என்று தலைவர் என்னைப் பார்த்தார். அந்த மனுஷன் போனதை நான் எப்படி வழிமொழிவது? தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். எனக்கு நிஜமாகவே அடைத்திருந்தது.