என்னைச் சின்னக் கடைக்காரனாகவே காப்பாற்றிய மைத்துனனுக்கு

தைபேயில் கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில் உட்கார்ந்து ஊரார் வரிக்கெல்லாம் வழி சொல்லும் மைத்துனன் சியா-ஹோங்குக்கு, சியாயி ஊர் வான்கோழிச் சோற்றுக்கடை தியென்-சாய் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா பி-யுனும் சௌக்கியம். தனித்தனியாகச் சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் உன் கணக்குப் போடும் கணினியும் நலமாயிருக்க முன்னோர் மாடத்தில் வேண்டிக்கொண்டேன். ஊதுபத்திச் செலவை எந்தக் கடைக் கணக்கில் எழுதுவது என்று தெரியாததால் பாதிப் பத்திதான் கொளுத்தினேன். முன்னோர்கள் கோபித்தால் உன் முகவரியைக் கொடுத்துவிடுகிறேன்.

போன வசந்தத்தில் நீ வந்திருந்தபோது யாரோ ஒரு பெண் நம் சோற்றைப் படம் பிடித்து இணையத்தில் போட்டு, கடை வாசலில் வரிசை நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? நான் பூரித்துப் போனேன், நீதான் பதறினாய். "அத்தான், வரிசை இப்படி நின்னா வரி ஆபீஸ்காரங்களும் வந்து வரிசையில நிப்பாங்க. மாச வியாபாரம் ரெண்டு லட்சம் தாண்டிட்டா நீங்க சின்னக் கடை இல்ல. இப்ப நூத்துக்கு ஒண்ணு கட்றீங்க, அப்புறம் கிண்ணத்துக்குக் கிண்ணம் ரசீது போட்டு நூத்துக்கு அஞ்சு கட்டணும். பேசாம கடையை ரெண்டாப் பிரிச்சுருங்க. ஒண்ணு உங்க பேர்ல, ஒண்ணு அக்கா பேர்ல" என்றாய். எனக்கும் புத்தி எங்கே போயிற்றோ, குடும்பத் தலைவன் என்ற மிதப்பில் அப்பாவின் பெரிய அண்டாவும் மீன் உருண்டை சூப்பும் எனக்கு என்றேன். சோற்றை உன் அக்காவுக்கு விட்டுக்கொடுத்தேன். பெருந்தன்மை!

பதிவு செய்த கையோடு ஒரு அலுவலர் வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். "ரெண்டு கடைன்னா ரெண்டு அடுப்பு, ரெண்டு கல்லா இருக்கணுமே, எங்க?" என்று கேட்டார். அதற்கும் உன்னிடமே யோசனை கேட்டு, தரையின் நடுவே சிவப்பு நாடா ஒட்டினேன். குளிர்பெட்டி அவள் பக்கம் போய்விட்டது. என் மீன் உருண்டையை எடுக்க நான் அனுமதி கேட்டு நிற்கிறேன். கடைக்காரர்கள் பூமித் தெய்வத்துக்குப் படைக்கும் நாளில் அவளுக்கு ஒரு மேஜை, எனக்கு ஒரு மேஜை. அவள் முழு அன்னாசி வைத்தாள், நான் பிஸ்கட் வைத்தேன். தெய்வம் எந்தப் பக்கம் சாப்பிட்டது என்பது மறுநாள் வியாபாரத்திலேயே தெரிந்துவிட்டது. மேலும், இத்தனை படித்த உனக்கு ஒன்று தோன்றவில்லையா? சூப் இல்லாமல் சோறு தின்பவன் ஆயிரம் பேர் உண்டு. சோறு இல்லாமல் சூப் மட்டும் குடிக்க வருகிறவன் காய்ச்சல்காரன்தான். இந்த வருஷம் ஊரில் காய்ச்சலும் இல்லை.

போதாததற்கு உன் அக்கா மூங்கில் குருத்து சூப் வேறு ஆரம்பித்தாள். "இது நியாயமா?" என்றேன். "குடும்பம் வேற, கடை வேறன்னு என் தம்பி சொன்னப்போ தலையை ஆட்டுனீங்கல்ல?" என்றாள். அவள் வரிசை நீண்டது, அலுவலர் வந்தார், அவளை ரசீது போடச் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். ஆனால் ரசீது எண்ணுக்கு அரசாங்கமே பரிசுக் குலுக்கல் நடத்துகிற நாட்டில் எவன் ரசீதை விடுவான்? பெரிய கிண்ணம் தின்னும் கிழவர் வெய் இப்போது இரண்டு சின்னக் கிண்ணம் வாங்குகிறார், ரசீது இரண்டு வருமாம். என்னைத் தாண்டிப் போகும்போது, "ஏம்ப்பா தியென்-சாய், உன் சூப்புக்குப் பரிசு எதுவும் விழுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். என்னைச் சின்னக் கடைக்காரனாகவே வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்தாய். வாக்குத் தவறாதவன் நீ. என்னைவிடச் சின்னக் கடைக்காரன் இந்தத் தெருவில் இப்போது இல்லை.

வியாபாரம் போனால் போகிறது, சியா-ஹோங். முன்பெல்லாம் கடை அடைத்த பிறகு மிஞ்சின சோற்றை இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தின்போம். வான்கோழியின் மொறுமொறுத் தோலை என் கிண்ணத்துக்குத் தள்ளுவாள். இப்போது அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நேற்று வாய்விட்டுத் தோல் கேட்டேன். "சின்னக் கிண்ணமா, பெரிய கிண்ணமா?" என்றாள். ரசீதும் கிழித்துக் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆண்டுக் கடைசி விருந்துக்கு நீ கட்டாயம் வர வேண்டும். வந்து, இரண்டு கடையையும் ஒன்றாக்கச் சொல்லி உன் அக்காவிடம் பேசு. நூற்றுக்கு அஞ்சு இல்லை, பத்து கேட்டாலும் கட்டித் தொலைக்கிறேன்.

செல்வத் தெய்வம் உன் வாசலில் வந்து நிற்கட்டும். வரி அலுவலர் அதன் பின்னாலேயே நிற்கட்டும்.

உன் அத்தான்,
தியென்-சாய்
(சூப் கடை முதலாளி, சமையல், பரிமாறல், ஈ விரட்டல்)

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு. வரவும் வேண்டாம். உறை ஒட்டப் பசை இல்லை, ஒரு சோற்றுப் பருக்கை கேட்டு நாடா ஓரம் போய் நின்றேன். உன் அக்கா கடிதத்தைப் பிடுங்கி நின்றபடியே படித்தாள். "ரசீது போடுற கடைக்குச் செலவு காட்டணுமாம். சம்பளமும் செலவுதானே? சூப்புக்கு ஒரு ஆள் வேணும், வர்றீங்களா?" என்றாள். என் கடையை மூடிவிட்டு வேலையில் சேர்ந்துவிட்டேன். நாடாவை அவளே உரித்தாள். ஊழியன் வந்தாயிற்று என்று ஆண்டுக் கடைசி விருந்தையும் இன்று மதியமே போட்டாள். அந்த விருந்தில் முதலாளி வைக்கும் முழுக் கோழியின் தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்கு வேலை போச்சு என்பது உனக்குத் தெரியாததா? இருக்கிற ஊழியன் நான் ஒருத்தன். கோழித் தட்டு வந்தபோது நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டேன். அவள் தோலைப் பிய்த்து என் கிண்ணத்தில் போட்டாள். அப்புறம் தட்டைப் பிடித்துத் திருப்பினாள், திருப்பினாள், கோழி ஆளே இல்லாத சுவரைப் பார்க்கும்வரை திருப்பினாள்.

"அங்க யாரு இருக்கா?" என்றேன்.

"அது வடக்குங்க. தைபே அந்தப் பக்கம்தானே?" என்றாள்.